பத்து வாரம் ஊரில் இருந்துவிட்டு டிரெஸ்டன் திரும்பினால் ஏன் இப்படி ஆகிறது?

கேள்வி சுருக்கமாக இது. கோவில்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் முதுநிலை படிக்கிறார். ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர், 10 வாரம் இருந்துவிட்டு, வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து அக்டோபர் நடுவில்தான் திரும்பியிருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வகுப்பில் உட்கார முடியவில்லை, சமைக்கப் பிடிக்கவில்லை, அறைக் கதவைத் திறந்தாலே அழுகை வருகிறது. "முதல் தடவை வந்தபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் போய்விடலாமா? இனிமேல் ஊருக்கே போகாமல் இருந்தால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, போய்விடலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவை நவம்பர் கடைசி வரை எடுக்காதீர்கள். போகக் கூடாது என்று சொல்லவில்லை. சிலருக்குப் போவதுதான் சரி, அப்படிப் போய் நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தூக்கம் கெட்டு, ஒழுங்காகச் சாப்பிடாமல் இருக்கிற மூன்றாவது வாரத்தில் எடுக்கிற முடிவு உங்கள் முடிவாக இருக்காது. நானும் இதே ஊரில் படித்தவன், பிறகு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஊருக்குப் போய்த் திரும்பியதை எண்ணிப் பார்த்தால் ஒன்பது தடவை இருக்கும். அதில் மோசமானது இரண்டாவது வருடத்தில் திரும்பியதுதான்.

முதல் தடவையைவிட இது ஏன் கஷ்டம் என்றால், முதல் தடவை பயத்தோடு வேடிக்கையும் கலந்திருந்தது. டிராம் சொன்ன நிமிடத்துக்கு வந்து நின்றதே வேடிக்கை. காலி பாட்டிலை மெஷினில் போட்டு 25 சென்ட் வாங்கியதே வேடிக்கை. இப்போது அந்த டிராம் வெறும் டிராம். வேடிக்கை போய்விட்டது, வேலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இன்னொன்று, முதல் தடவை கிளம்பியபோது வீட்டில் உங்களைத் தயார் செய்து அனுப்பினார்கள், நீங்களும் ஆறு மாதமாக மனதைத் தயார் செய்திருந்தீர்கள். இந்தத் தடவை யாரும் எதற்கும் தயாராகவில்லை. "பழகின ஊர்தானே" என்று எல்லோரும் நினைத்தார்கள், நீங்களும் நினைத்தீர்கள்.

அப்புறம் அந்த 10 வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள். கல்யாண வீடு. மாடியில் நாற்பது பேர் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். தட்டு தானாக முன்னால் வந்திருக்கும். சட்டை துவைத்து மடித்து வந்திருக்கும். இருபத்துநாலு வயதிலும் "சாப்பிட்டியாடா?" என்று நாளைக்கு நாலு பேர் கேட்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு நாளுக்குள் பன்னிரண்டு சதுர மீட்டர் அறைக்கு வந்து இறங்கினால் மனசு குப்புற விழத்தான் செய்யும். ஒரு வருடமாகத் தனியாக எல்லாவற்றையும் சமாளித்த ஆள் ஒருவர் உங்களுக்குள் இருந்தாரே, அவர் எங்கும் போய்விடவில்லை. 10 வாரமாக அவருக்கு வேலை கொடுக்கவில்லை, துரு பிடித்திருக்கிறார். அவரை எழுப்புவதற்கு நல்ல தீர்மானங்கள் உதவாது, கை வேலைதான் உதவும். நான் கீழே சொல்லப்போவது எல்லாமே கை வேலைதான்.

இதைப் பற்றி ஆராய்ச்சி இருக்கிறதா என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கோர் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர், ஃபுல்பிரைட் என்ற கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களிடம் பேசி எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். நடுவில் மாட்டியவர்கள்தான் அதிகம் தடுமாறியிருக்கிறார்கள். நீங்கள் இப்போது சரியாக அந்த நடுவில் நிற்கிறீர்கள். முதலில் நன்றாக இருந்து, நடுவில் இறங்கி, பிறகு ஏறுகிற இந்த வளைவு எல்லோருக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன, அதனால் இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் ஏதோ தனியாகக் கோளாறு இருக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது போதும்.

சரி, தூக்கம். இப்போதைய நேரக் கணக்கில் இங்கே விடியற்காலை 3 மணி என்றால் ஊரில் காலை 6.30. உங்கள் தெருவில் பால்காரர் மணியடிக்கிற நேரத்துக்கு உடம்பு சரியாகத்தான் எழுந்துகொள்கிறது. மேற்கே பயணம் போவது கிழக்கே போவதைவிடச் சுலபம், ஏனென்றால் நம் உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது. அதைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலைந்து நாளில் சரியாகிவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: மாலை 6 மணிக்கு வந்து "கொஞ்ச நேரம்" என்று படுக்கிறீர்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் எமன். சாயங்காலம் வெளிச்சத்தில் இருங்கள். வெளியே வெளிச்சம் இல்லாவிட்டால் நூலகத்தில் உட்காருங்கள். படிக்கக்கூட வேண்டாம், ஸ்லுப் நூலகத்தின் பெரிய வாசிப்பறையில் சும்மா உட்கார்ந்தால்கூடச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள். இரவு பத்தரைக்கு முன்னால் படுக்கையைத் தொடாதீர்கள். 3 மணிக்கு விழித்தால் போனை மட்டும் எடுக்க வேண்டாம். எடுத்தால் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஊர் முழித்திருக்கும், கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், அதோடு தூக்கம் முடிந்தது.

இப்போது பெட்டி. உங்கள் பெட்டியைப் பிரித்துவிட்டீர்களா? கேள்வியில் அதை எழுதவில்லை, அதனால்தான் சந்தேகம் வருகிறது.

நான் அந்த இரண்டாம் வருடம் திரும்பியபோது பெட்டியை மூன்று வாரம் பிரிக்கவே இல்லை. ஓரத்து ஜிப்பைத் திறந்து, கைக்கு அகப்பட்ட துணியை உருவி உடுத்திக்கொண்டு போவேன். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து திறந்தேன். அம்மா சாம்பார்ப் பொடியை பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைத் தினத்தந்தித் தாளில் சுற்றி, அதன்மேல் பழுப்பு நிற டேப்பைப் பார்சல் மாதிரி நாலு சுற்று ஒட்டியிருந்தார். மேலே பால்பாயிண்ட் பேனாவில் "சாம்பார்". இன்னொன்றில் "ரசம் காரம் கம்மி". டேப்பின் நுனி கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தபோதுதான் புரிந்தது, மூன்று வாரமாக நான் எதைத் தள்ளிப்போட்டேன் என்று. பிரித்தால் அது தீர ஆரம்பித்துவிடும். பிரிக்காத வரையில் நான் இன்னும் முழுசாகக் கிளம்பவில்லை. அன்றைக்குச் சாம்பார் வைக்கவில்லை. டப்பாவில் கொட்டி அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அறை பெரிதானது மாதிரி இருந்தது. அன்று இரவுதான் ஏழு மணி நேரம் தூங்கினேன்.

அதனால் பெட்டியை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா உள்ளே இருந்தால் முதலில் அதைத் தின்று தீர்த்துவிடுங்கள், நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பால், இறைச்சி சேர்ந்த எதையும் பயணிகள் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து செடி, இலை, பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. கருவாடு மட்டும் ஆச்சரியமாக 20 கிலோ வரை கொண்டுவரலாம், விமானத்தில் பக்கத்து சீட்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை. உங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் பிரச்சினையே இல்லை.

பெட்டிக்கு அடுத்தது தண்ணீர்க் குழாய். அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்திருந்தால் ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டுச் சுடுநீர்க் குழாயைச் சில நிமிடம் ஓட விடுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அந்த நீர்ச் சாரலை மூச்சில் இழுக்கக் கூடாது. அறையை இடையில் வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நான் ஒரு தடவை விட்டேன். திரும்பி வந்தால் என் அறையில் யாரோ ஒருவருடைய சோப்பு வாசனை, என் நாற்காலியின் உயரம் மாறியிருந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் உள்ளே நுழைந்ததும் நம் இடம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. அறையைத் துடைத்து, மேசையை வேறு பக்கம் திருப்பிப் போட்டு, படுக்கை விரிப்பை மாற்றுங்கள்.

தபால் பெட்டியில் கிடக்கிற கடிதங்களை ஒரே உட்காரலில் எல்லாம் பிரிக்க வேண்டும். இந்த நாட்டில் தொந்தரவெல்லாம் தபாலில்தான் வருகிறது. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. நீங்கள் ஊரில் இருந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, கட்டாவிட்டால் அபராதத்தோடு இரண்டாவது கடிதம் வரும். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஏதாவது கேட்டிருப்பார்கள். தங்குமிட அனுமதி அட்டையின் தேதியையும் பாருங்கள், இன்னும் நாலைந்து மாதத்தில் முடிகிறது என்றால் இப்போதே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். (ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அனுமதியே காலாவதியாகிவிடும். உங்களுக்கு 10 வாரம்தான், கவலை வேண்டாம். அடுத்த தடவைக்காகச் சொல்கிறேன்.)

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதனாலேயே கேட்கிறேன். பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கிற கணக்கில், மாதம் 992 யூரோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருந்தபோதும் அறை வாடகை போனது. டிக்கெட், அக்காவுக்குச் செய்த சீர், அங்கே சுற்றிய செலவு. பகுதிநேர வேலை 10 வாரம் இல்லை. நான் பார்த்தவரையில் திரும்பி வந்து "வீட்டு ஞாபகம்" என்று அழுகிறவர்களில் பாதிப் பேருக்கு அடியில் இருப்பது பணக் கவலை. அதை வீட்டில் சொல்ல முடியாது, கல்யாணக் கடன் அங்கே தனியாக இருக்கும். ஒரு தாளை எடுத்து, ஜனவரி வரைக்கும் என்ன வரும், என்ன போகும் என்று எழுதுங்கள். எழுதின பிறகு தொகை பெரிதாக இருந்தாலும் பயம் சின்னதாகிவிடும். வேலை தேடுவதென்றால் 2024 மார்ச்சிலிருந்து உங்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் அனுமதி. 10 வாரம் வேலை செய்யாததால் இந்த வருடக் கணக்கில் நாள் நிறைய மிச்சம் இருக்கும்.

வகுப்பு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஆறு பாடம் எடுத்திருந்தால் இப்போதே ஒன்றைக் கைவிடுங்கள், முடிந்தால் இரண்டை. ஒரு வாரம் தவறியதால் அல்ல, அடுத்த மூன்று வாரமும் அரைகுறையாகத்தான் போகும் என்பதால். பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை மூன்று தடவைதான் எழுத முடியும், மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பே போய்விடும். அதனால் அரைகுறைத் தயாரிப்போடு போய் ஒரு வாய்ப்பை வீணாக்குவதைவிட, பதிவு செய்யாமல் விட்டு அடுத்த செமஸ்டரில் எழுதுவது புத்திசாலித்தனம். இங்கே அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. நம் ஊரில்தான் "அரியர்" என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு நடுங்கும். தவறிய வாரத்தின் குறிப்புகளை யாரிடமாவது நேரில் போய்க் கேளுங்கள், மெசேஜில் வேண்டாம். கேட்கப் போன சாக்கில் மென்சா என்கிற மாணவர் உணவகத்தில் ஒரு சாப்பாடு சேர்ந்து சாப்பிடலாம்.

ஜெர்மன் மொழியும் துருப்பிடித்திருக்கும். நான் திரும்பிய மறுநாள் ரொட்டிக் கடையில் அந்த அம்மா பை வேண்டுமா என்று கேட்டார். நான் தமிழில் "ஆமா" என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வாரத்துக்குத் தினமும் அதே கடைக்குப் போனேன், ரொட்டிக்காக அல்ல, நாலு வாக்கியத்துக்காக.

வீட்டுக்குப் போன் பேசுவதைப் பற்றிச் சொன்னால் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சாப்பிடும்போது வீடியோ காலைப் போட்டு எதிரில் சாய்த்து வைத்துக்கொள்வதை நிறுத்துங்கள். அது உங்களை அங்கேயும் வைப்பதில்லை, இங்கேயும் வைப்பதில்லை. அம்மாவுக்கும் நல்லதில்லை, நீங்கள் வெறும் பிரெட் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவர் தூங்கமாட்டார். எப்படியும் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். நீங்கள் மாலை ஆறரைக்கு அறைக்கு வந்தால் ஊரில் இரவு 11. அதனால் பேச்சைக் காலைக்கு மாற்றுங்கள். இங்கே 7.30 என்றால் அங்கே மதியம் 12, அம்மா சமையலை முடித்திருப்பார். பத்து நிமிடம், பேசிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பேச்சு முடிந்ததும் போக ஓர் இடம் இருந்தால் அழுகை வருவது குறைவு.

அதே கடிகார மாற்றத்தோடு இருட்டும் வந்துவிடும். அதுவரை ஆறு மணி வாக்கில் மறைந்துகொண்டிருந்த சூரியன் ஒரே நாளில் ஐந்துக்கு முன்னால் போய்விடுவான். டிசம்பர் கடைசியில் டிரெஸ்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. கோவில்பட்டியில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். போன வருடம் இதைப் புதுமையாகப் பார்த்திருப்பீர்கள், இந்த வருடம் உறைக்கும். மதியம் 12 முதல் 1 வரை என்ன ஆனாலும் வெளியே நடங்கள், மழை தூறினாலும் பரவாயில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கிற வெயில் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கப் போதாது, நம் தோல் நிறத்துக்கு இன்னும் போதாது. டாக்டரிடம் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகள் மூடியிருக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் நமக்கெல்லாம் எதிரி. சாக்சனி மாநிலத்தில் அக்டோபர் 31ம் விடுமுறை, அதையும் மறந்துவிட வேண்டாம், அரிசி இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட் கையில் இருக்கிறது அல்லவா, எஸ்1 ரயிலில் ஏறி ராத்தன் போங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் எல்பே ஆற்றங்கரையில் இறங்கலாம். படகில் அக்கரை போய்ப் பாறைகளுக்கு நடுவில் ஏறினால் பாஸ்டை என்ற கல் பாலம், 1851இல் கட்டியது. முதல் வருடம் வந்து போட்டோ எடுத்திருப்பீர்கள். இந்தத் தடவை போட்டோ எடுக்காமல் ஏறி இறங்குங்கள், கால் வலிக்கட்டும். அன்று ராத்திரி தூக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாவது வாரத்தில் தீபாவளி வந்திருக்கும், அதையும் நீங்கள் எழுதவில்லை. கல்யாணத்துக்கு இருந்துவிட்டுத் தீபாவளிக்கு இல்லாமல் போவது ஒரு தனிக் குத்தல். தலை தீபாவளிக்கு அக்காவும் மாமாவும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், எல்லோரும் இருக்கும் போட்டோவில் நீங்கள் மட்டும் இருக்கமாட்டீர்கள். வருத்தப்படுங்கள், அதில் தப்பில்லை.

இது எல்லாம் செய்தும் நவம்பர் நடுவிலும் சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை, எதிலும் ஆசையே இல்லை என்றால் அது ஊர் ஞாபகம் இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். விடுதியையும் மென்சாவையும் நடத்துகிற ஸ்டுடென்டன்வெர்க்கிலேயே மனநல ஆலோசனை உண்டு. மாணவர்களுக்கு இலவசம், பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ சொல்லமாட்டார்கள். நடுராத்திரியில் உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் 0800 111 0 111 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். ஆபத்து என்றால் 112.

இனி ஊருக்குப் போகாமல் இருந்தால் சரியாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. போங்கள், ஆனால் நாலைந்து வாரத்துக்கு மேல் வேண்டாம். அங்கே இருக்கும்போதும் வாரத்தில் ஒரு நாள் ஏதாவது வேலையை நீங்களாகச் செய்யுங்கள், பேங்குக்குப் போவதோ தோசை வார்ப்பதோ. திரும்பும் டிக்கெட்டை வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் போடுங்கள், புதன் அல்லது வியாழன் வந்து இறங்குகிற மாதிரி. கடையும் அலுவலகமும் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை எல்லா வேலையும் முடித்துவிடலாம். கிளம்பும் முன் ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்துவிட்டு, அலமாரியில் ஒரு கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் புளி வைத்துவிட்டுப் போங்கள். வந்து இறங்குகிற இரவு ரசம் வைக்க அது போதும்.